எடைக்கு வராத சரக்கு

அரிசியை அளந்து விற்கலாம். ஜவுளியை முழம் போட்டு விற்கலாம். அளக்கவோ நிறுக்கவோ முடியாத சரக்கை விற்பவனுடைய நாணயத்தை எதைக்கொண்டு அளப்பது?

இந்தியாவின் மென்பொருள் தொழிலை எண்ணும்போது இக்கேள்வி எழுகிறது. நம் பிள்ளைகளிற் பலரும் கணிப்பொறித் தொழிலில் இறங்கிவிட்டதால் இது நமக்கும் உரிய கேள்வியே.

டாட்டா நிறுவனத்தார் 1968-ல் பம்பாயில் இத்தொழிலைத் தொடங்கினர். 1981-ல் புனாவில் எழுவர் கூடி இன்போசிஸ் நிறுவனத்தை ஆரம்பித்தபோது, கைமுதல் நாராயணமூர்த்தியின் மனைவியார் கொடுத்த 10,000 ரூபாய். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்துவைத்திருந்த மேனாட்டுக் கணிப்பொறிகள் தடுமாறுமோ என்ற அச்சம் பிறந்தது. திருத்தும் வேலையில் பெரும்பங்கு இந்தியர் கைக்கு வந்தது. கடல்கடந்த வாடிக்கைக்காரர் தம் கணக்குகளையே முகமறியாதவரிடம் ஒப்படைத்தார். ஏழை நாட்டுக்கு வாய்த்த பெரிய முதல் அந்த நம்பிக்கைதான். நாம் அதை அமானிதம் என்போம்.

அந்த முதலுக்கு 2009 ஜனவரி 7-ல் பேரிடி விழுந்தது. ஹைதராபாத்தில் ‘சத்யம்’ என்றே பெயர் சூட்டிக்கொண்ட நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகப் பொய்க்கணக்கு எழுதியதைக் கடிதமூலம் தாமே ஒப்புக்கொண்டார். ஏட்டில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை! தொடக்கத்தில் சிறு வித்தியாசந்தானாம்; அதை மூட மேலும் மேலும் பொய் தேவைப்பட்டது.

அங்கு பாடுபட்ட பல்லாயிரம் பேரின் உழைப்பு பொய்யன்று. ஆயினும் தலைகுனிவு அவர்களையும் சேர்ந்தது. பலர் சேர்த்த நம்பிக்கையை ஒருவர் செலவழித்துவிட்டார்.

“கணக்குப் பரிசோதகரும் சட்டமும் இல்லையா?” எனலாம். பரிசோதகர் கையொப்பமிட்ட ஏடுதான் அது. நீதிமன்றம் தண்டித்ததோ 2015-ல். இருவருக்கும் குவியலின் மேற்புறமே முதலில் தெரிகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள், விரல்கள் நனைந்தன. மழையில் நனைந்தது என்றான் வியாபாரி. நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவனல்லன் என எச்சரித்தார்கள்.

மென்பொருட் குவியலுக்குள் வாங்குபவன் கை நுழைக்க முடியாது. ஆகவே நனைந்ததை மேலே வைக்கும் கடமை விற்பவனுக்கே இரட்டிப்பாகிறது. நம் கடை ஏடும் அத்தகைய குவியலே. இவ்வாண்டு நஷ்டமா? இவ்வாண்டே பங்காளியிடம் சொல்லிவிடுவோம். அடுத்த ஆண்டு சொல்ல அதிகத் துணிச்சல் வேண்டியிருக்கும். அல்லாஹ் நம் கணக்குகளில் பரக்கத் அருள்வானாக!