இரவுக் கடமைக்கு யார் தானம் கொடுப்பது?

பிறந்தநாள், திவசம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு என்று ஏதாவதொன்றை முன்னிட்டு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பொறுப்பேற்பது கண்டிப் பக்கத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். நல்ல வழக்கம், பல இல்லங்களில் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் அந்தச் சோற்றை ஊட்டிவிடும் பெண்ணின் சம்பளத்தை நாங்கள் ஏற்கிறோம் என்று வருகிறவர்கள் மிக அரிது. இரவு இரண்டு மணிக்கு ஈரப் படுக்கையை மாற்றுகிறவர் எத்தனை மணித்தியாலமாகக் கடமையில் நிற்கிறார் என்று கேட்பவர்களும் அரிது. அவரிடம் எதிர்பார்ப்பது மட்டும் பெரிது: முகம் சுளிக்கக் கூடாது, குரல் உயரக் கூடாது, பெற்ற தாயைப் போலப் பார்க்க வேண்டும். ஓய்வும் துணையும் வாழப் போதுமான சம்பளமும் கொடுக்காமல் ஒருவரிடம் பொறுமையைக் கடமையாகக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா? இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஊழியரைத் தேயவைத்து நடக்கும் இல்லம் கூடவே முதியவரையும் கெடுக்கிறது. இருவர் நலத்தையும் தனித்தனிக் கணக்கில் எழுத முடியாது.

கண்டிக்கு அருகேயுள்ள தேயிலைத் தோட்டப் பகுதியான கலஹாவில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கிய லூல்கந்துர தோட்டம் இந்த மலைப்பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து இங்கே கொழுந்து பறித்தவர்களின் முதுமையை யார் பார்ப்பது என்பது இன்றுவரை ஒழுங்காகத் தீர்க்கப்படவில்லை. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதியும் 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டமும் வேலையிலிருந்து நிற்கும்போது ஒரு தொகையைக் கையில் தருகின்றன. அரச ஊழியருக்குப் போல மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. அந்தத் தொகை மகளின் கல்யாணத்திலும் லயத்துக் கூரையிலும் மகனின் வெளிநாட்டுப் பயணத்திலும் கரைந்துவிடுகிறது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலோ வளைகுடா வீடுகளிலோ இருக்கிறார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது; அண்ணன் நீலகிரியிலும் தங்கை இங்குமாகப் பிரிந்த குடும்பங்களில் வயதான காலத்தில் தாங்கியிருக்க வேண்டிய உறவே பாதி அறுந்துபோனது. ஆகவே இல்லத்திலிருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்து ‘பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள்’ என்று உடனே தீர்ப்புச் சொல்வது பல வேளைகளில் அநியாயம். மறுபக்கம், அதே லயங்களில் பிறந்த பெண்கள்தான் நகரத்திலும் வெளிநாட்டிலும் பிறரின் பெற்றோரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிடும் வேலைக்குப் போகிறார்கள். கட்டிலில் படுத்திருப்பவரும் கட்டிலருகே நிற்பவரும் முப்பது வருட இடைவெளியில் ஒரே லயத்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம்.

இல்லங்களில் நேரும் கொடுமைகளில் அடியும் திட்டும் வெளியே தெரிபவை. அதைவிடப் பரவலானது அவசரம். நினைவு தடுமாறும் ஒருவரை மலைநாட்டுக் குளிரில் குளிக்கச் சம்மதிக்கவைக்க நேரம் வேண்டும்: தண்ணீர் சூடாக வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், மறுத்தால் சற்று விட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து பேரைக் குளிப்பாட்ட வேண்டிய ஒருவருக்கு அந்த நேரம் இல்லை, கை பலவந்தமாகிறது. கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குப் போகக்கூடியவருக்கும் துணையாள் இல்லாததால் அணையாடை கட்டப்படுகிறது. சில மாதங்களில் அவருக்கு நடையே மறந்துபோகிறது. தோட்டத்தார் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள்: பேர் விழுவதற்கான, அதாவது நாட்சம்பளம் முழுதாகக் கிடைப்பதற்கான, கிலோவைக் கூட்டினால் கூடையில் முற்றிய இலையும் சேர்ந்து வரும், அது பறிப்பவரின் குணக்கேடு அல்ல. இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்ட இலண்டன் வைத்தியசாலை ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. நோயாளியின் துயரம் தாதியரைத் தாங்க முடியாத அளவுக்கு நெருங்காமலிருக்க, வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நோயாளிகள் பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலும் நோயாலும் குறிப்பிடப்பட்டார்கள். தாதியரைத் தாங்குவதற்கு ஆள் இல்லாதபோது நிறுவனமே மரத்துப்போகப் பழகிக்கொள்கிறது என்பதே அதிலிருந்து பெற வேண்டிய பாடம். நினைவிழப்போரின் பராமரிப்பைப் பற்றி 1997இல் எழுதிய டொம் கிட்வுட்டும், முதியவரின் ஆளுமையைச் சிதைக்கும் நடத்தைகள் பெரும்பாலும் தீய எண்ணத்திலிருந்து பிறப்பதில்லை என்றே கண்டார்.

இதன் மறுதலையையும் பார்க்கலாம். உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் ஒரு மாடியில் இருந்தவர்களிடம் செடியொன்றைக் கொடுத்துத் தாங்களே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். திரைப்படம் எந்த இரவு பார்ப்பது என்பதையும் அவர்களிடமே விட்டார்கள். மற்ற மாடியில் செடிக்குத் தாதியர் தண்ணீர் ஊற்றினர். முதல் மாடியினர் கூடுதல் உற்சாகத்தோடும் விழிப்போடும் இருந்தார்கள். ஒரு செடிக்குப் பெரிய செலவில்லை. ஆனால் முதியவர் தெரிவு செய்யும்வரை காத்திருக்க ஊழியருக்கு அவகாசம் வேண்டும். தமிழ் மட்டுமே பேசும் தோட்டத்து முதியவருக்குத் தமிழ் பேசும் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வலி எங்கே என்பதைக்கூட அவர் கையால்தான் காட்ட வேண்டியிருக்கும்.

‘இது சேவை, புண்ணியம், காசை நடுவில் கொண்டுவந்தால் அன்பு போய்விடும்’ என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. துறவு பூண்டு வாழ்நாளையே இதற்குக் கொடுத்த அருட்சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களை வணங்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கடைசிக் காலத்துக்கான பராமரிப்பும் அவர்களுடைய சபை தருகிறது. மூன்று பிள்ளைகளோடு லயத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்கு அப்படியொரு சபை இல்லை. தியாகம் என்பது செய்பவர் தாமாக எடுக்கும் முடிவு. அதை இன்னொருவரின் சம்பளப் பட்டியலில் கழிவாகப் போடுவது சுரண்டல். நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவருக்குத்தான் அடுத்த நாள் சிரித்துக்கொண்டு வரும் தெம்பு இருக்கும். சம்பளம் அன்பைக் கொல்வதாகச் சொல்பவர்கள் களைப்பு அன்பை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. கைவிடப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் இல்லத்தில் சம்பளம் கூடினால் இருக்கும் இடங்கள் குறையும். பத்துப் பேருக்குப் பதிலாக ஏழு பேர். மிஞ்சும் மூவர் எங்கே போவார்கள்? இந்தக் கவலை உண்மையானது, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆயினும் அந்த மூவரின் செலவு இன்றும் கொடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது, இல்லத்து ஊழியப் பெண்ணின் முதுகு வலியிலும் இழந்த தூக்கத்திலும். சமுதாயத்தின் கடனை அதன் மிக ஏழையான ஒருவரிடமிருந்து சத்தமில்லாமல் வசூலிக்கிறோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் பொறுப்பைச் சொல்வதோடு, பிள்ளைகளற்ற ஆதரவற்றோருக்கு உறைவிடம் தரும் பொறுப்பை அரசின்மேலும் வைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் அரச முதியோர் இல்லமொன்று இயங்குகிறது. பொதுப்பணம் இதற்குச் செல்வது இந்நாட்டில் புதுமையல்ல. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே மக்களில் 100க்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தார்கள். தொகை ஏறிக்கொண்டே போகும்போது நன்கொடைச் சோற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அப்படியானால் அடிக்கும் ஊழியரை மன்னித்துவிடுவதா? கூடாது. எதிர்த்துப் பேச முடியாத உடல்மேல் கை ஓங்குவதற்குக் களைப்பு நியாயமாகாது. அதற்கு விசாரணையும் விலக்கலும் வேண்டும். ஆனால் கோபம் கைக்கெட்டிய ஊழியரோடு நின்றுவிடும்போது என்ன நடக்கும் என்பதைக் கலஹா அறியும். 2018 ஆகஸ்டில் ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகு இங்குள்ள வைத்தியசாலை தாக்கப்பட்டது, ஊழியர்கள் வெளியேறினார்கள், சில நாள்கள் வைத்தியசாலை மூடிக் கிடந்தது. பெற்றவர்களின் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. கதவு மூடியபோது தோட்டத்து நோயாளிகள் வேறு வைத்தியசாலையைத் தேட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. முதியோர் இல்லத்திலும் குற்றம் செய்த கையோடு, ஒரே ஆளை இரவு முழுவதும் இருபது பேருக்குப் பொறுப்பாக விட்ட நிருவாகத்தையும் கேள்வி கேட்க வேண்டும். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி சமையலறையையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு கடமை அட்டவணையையும் வாங்கிப் பார்க்கட்டும். சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று கேட்கட்டும். அடுத்த திவசத்துக்குச் சாப்பாடு கொடுக்க நினைக்கும் குடும்பம், அந்தத் தொகையில் ஒரு பகுதி இரவுக் கடமையில் இரண்டாவது ஆளுக்கு என்று எழுதிக் கொடுக்கலாம். அதை வாங்கிக்கொள்ள இல்லமும் கணக்கேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்க வேண்டும்.