இன்றே வாங்குவதா, இன்னும் பொறுப்பதா?

இல்லத்திற்கு ஹோம் தியேட்டர் வாங்க விழைகிறோம். கடை வாயிலை மிதிக்குமுன் ஐயம் தடுக்கிறது: "அடுத்த ஆண்டு இதனினும் சிறந்தது வருமே!"

வீண் ஐயமல்ல அது. 2006இல் எச்.டி. டிவிடி, புளூ-ரே எனும் இருவகைப் படத்தட்டுகள் சந்தையில் மோதின. 2008 பிப்ரவரியில் டோஷிபா நிறுவனம் எச்.டி. டிவிடியைக் கைவிட்டது. அதனை நம்பி அவசரப்பட்டோர்க்கு எஞ்சியது, புதுத்தட்டு வாராத கருவி! பொறுத்தோர் பிழைத்தனர்.

எனினும் பொறுமைக்கு எல்லை வேண்டாமா? எச்.டி.எம்.ஐ. இணைப்பு 2013இல் 2.0 ஆயிற்று, 2017இல் 2.1 ஆயிற்று. இடையே, 2016இல் 4கே புளூ-ரே வந்தது. ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தவர் வீட்டில் ஒலியுமில்லை, ஒளியுமில்லை, ஓடியவை ஆண்டுகளே! கம்பியில் இணைக்கும் ஒலிபெருக்கிகளோ, இவற்றுள் எதனாலும் பயனற்றுப் போகவில்லை.

வேறுபாடு எங்கே? 2006இல் தீராத வழக்கொன்று இருந்தது. தீர்ப்புக்காகக் காத்திருப்பது அறிவு. எதற்கென்றே அறியாது காத்திருப்பது அச்சம். அச்சத்திற்குப் பகுத்தறிவெனப் பெயர் சூட்டலாமா, தோழர்களே?

எதற்காகப் பொறுக்கிறோம்? எந்நாள் வரை? விடை உண்டெனில் பொறுப்போம். இல்லையேல், கடன்படாது, கைப்பொருளுக்கு ஏற்றதை வாங்குவோம். இல்லத்தாரோடு அமர்ந்து இன்றே கண்டு களிப்போம்!