எந்தத் திரையில் இருக்கிறது அசல் கடை?

பண்ருட்டியில் முந்திரி விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணினியில் டபிள்யூ 180, 240, 320 என்று ரகவாரியாக விலைப்பட்டியல் கச்சிதமாக நிற்கிறது. (ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு என்பதே அந்த எண், எண் குறையக் குறையப் பருப்பு பெரிது.) கைபேசியில் திறந்தால் பட்டியல் திரையைத் தாண்டி ஓடுகிறது. ‘வாங்கு’ பொத்தானைக் காணோம். கடைக்காரருக்கோ ஒரே கேள்விதான்: “கம்ப்யூட்டர்ல சரியாத்தானே இருக்கு?”

அதாவது, கணினியில் தெரிவதே கடையின் மெய்யுருவம், கைபேசியில் தெரிவது அதன் சிதைவு. அப்படி ஒரு மூல உருவம் உண்டா என்ன?

இணையப் பக்கம் கட்டுகிறவர்களே இதைச் சமயத்தின் துணையோடு யோசித்திருக்கிறார்கள். 2000-இல் ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப், ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் சீன மெய்ந்நூலான தாவோ தே ஜிங்கை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தாளின் அகலம் அச்சிடுபவர் வசம், திரையின் அகலம் பார்ப்பவர் வசம். ஆகவே பிடிவாதத்தை விடுங்கள் என்பது அவர் வாதம். 2007-இல் வந்த ஐபோன், 320 பிக்சல் அகலத் திரையை 980 பிக்சல் என்று பாவித்துக்கொண்டு பக்கங்களைச் சுருக்கிக் காட்டியது. திரையின் உண்மையான அகலத்தைப் பின்பற்றச் சொல்லும் ‘வியூபோர்ட்’ வரி விடுபட்ட பக்கங்களில் இன்றும் கைபேசிகள் இப்படித்தான் பாவனை செய்கின்றன. திரைக்கேற்ப வளையும் வடிவமைப்புக்குப் பெயர் சூட்டி ஈதன் மார்க்காட் எழுதியது 2010-இல், அதே இதழில்.

இதற்குச் சீனம் வரை போக வேண்டியதில்லை. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் வாழ்ந்த மனவாசகங்கடந்தார், மெய்கண்டாரின் மாணவர்; ‘உண்மை விளக்கம்’ செய்தவர். அந்த மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபு, ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களின் கட்டை வைத்து உயிர்களை மூன்றாகப் பிரிக்கிறது. ஆணவம் மட்டுமே உடைய விஞ்ஞானகலருக்கு இறைவன் உள்ளே நின்று உணர்த்துகிறான். பிரளயாகலருக்குத் தெய்வ வடிவில் முன்னே தோன்றுகிறான். மும்மலமும் உடைய சகலருக்கு, அதாவது நமக்கு, மானிடக் குருவாக வருகிறான். இவற்றில் எதுவும் மற்றொன்றின் மட்டமான நகல் அல்ல. சகலருக்குக் கிடைப்பது அரைகுறை அருளும் அல்ல.

தாவோ விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. சித்தாந்தம் கேட்பது வேறு: யாருக்குத் தோன்றுகிறோம் என்று அறிந்து தோன்றுவது. கடைக்குப் பின்னதுதான் உதவும்.

பழுது பார்க்கும்போது இந்த வேறுபாடு கையில் தட்டுப்படும். திரையை மீறி நீள்வதை மறைத்துவிடும்படி ஒரு கட்டளை எழுதினால் பக்கவாட்டு ஓட்டம் நின்றுவிடும். பொத்தானும் அதோடு போய்விடும். எந்த உறுப்பு திரையைவிட அகலம் என்று ஒவ்வொன்றாகத் தேடுவதே வழி. பெரும்பாலும் 600 பிக்சல் என்று அகலம் கட்டிப்போட்ட படமோ, நான்கு பத்தி அட்டவணையோ சிக்கும். தமிழ்த் தளமானால் ‘வறுத்தமுந்திரிப்பருப்பு’ போல இடைவெளியின்றிச் சேர்த்தெழுதிய தலைப்பையும் சந்தேகிக்க வேண்டும். அது மடங்க அனுமதி தராவிட்டால் மடங்காது. அட்டவணையைக் கைபேசியில் ரகத்துக்கு ஒரு கட்டமாக அடுக்கிவிட்டால் விலையும் எடையும் அப்படியே இருக்கும், வரிசை மட்டும் மாறும்.

ஒப்புமை இங்கே முடிந்துபோகிறது. இறைவன் உயிரின் பக்குவத்தை அறிவான் என்கிறது சித்தாந்தம். பக்கத்துக்குத் தெரிவதோ திரையின் அகலம் போன்றவைதான். பார்ப்பவர் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாரா, உச்சி வெயிலில் பேருந்து நிலையத்தில் நிற்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எழுத்தின் அளவையும் பொத்தானின் பருமனையும் முடிவு செய்பவர்தான் அதை யோசித்திருக்க வேண்டும்.