பதினோராவது கொட்டை

பணம் பத்தும் செய்யும் என்பர் நம் மக்கள். பத்தைப் பதினொன்றாகவும் செய்யும் என்கிறது கணக்குப் புத்தகம். எப்படிச் செய்யும் என்று கேட்கிறது குழந்தை!

மூன்றாம் வகுப்பிலே ஒரு நாள், வட்டி என்றால் என்னவென்று விளக்கப் புகுந்தோம். கரும்பலகை கைகொடுக்கவில்லை, புளியங்கொட்டைகளை எடுத்தோம். ஒரு சிறுவனைச் செல்வனாக்கினோம். நால்வருக்கு அவன் பத்துப் பத்தாகக் கடன் கொடுத்தான். மணி அடிக்குமுன் ஆளுக்குப் பதினொன்று திருப்பித் தரவேண்டும். இவ்வளவுதானே வட்டி என்று இறுமாந்திருந்தோம்.

“பதினோராவது கொட்டை எங்கே இருக்கிறது, ஐயா?” என்றாள் ஒரு சிறுமி.

“சாமி கொடுக்கும்” என்றான் ஒருவன். மற்றொருவனோ மேலே பார்க்கவில்லை, பக்கத்தில் பார்த்தான். அடுத்தவன் குவியலிலிருந்து ஒன்றை மெல்ல நகர்த்திக்கொண்டான்! செல்வனோ கைகட்டி அமர்ந்திருந்தான். “நீ என்ன வேலை செய்தாய்?” என்றோம். “காத்திருந்தேன், ஐயா” என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியது, சிந்தனை எழுந்தது. கொடுக்கப்பட்டவை 40, கேட்கப்படுபவை 44. இல்லாத நான்கு எங்கிருந்து வரும்? கொட்டையை மண்ணில் ஊன்றி, நீர் வார்த்து, காத்து வளர்த்தால் மரமாகும், ஒன்று ஆயிரமாகும். உழவுக்கும் தறிக்கும் வாங்கும் கடன் அத்தகையது. உழைப்பு பதினோராவதைப் பிறப்பிக்கிறது. அதில் கடன் தந்தவனுக்கும் ஒரு பங்கு என்றால் வாதத்திற்கேனும் இடமுண்டு. ஆனால், அரிசிக்கும் மருந்துக்கும் வாங்கிய கடன்? அது அன்றே உண்டு தீர்ந்த கொட்டை! அதற்குரிய வட்டி, நாளைய கூலியிலிருந்து வருகிறது; பிள்ளையின் படிப்பிலிருந்து வருகிறது.

நூறு ரூபாய், மாதம் நூற்றுக்குப் பத்து, வட்டிக்கும் வட்டி. பன்னிரண்டே மாதத்தில் ஏறத்தாழ 314 ரூபாய்! இதைத் தலையெழுத்து என்கிறான் ஏழை. தலையெழுத்தல்ல தோழர்களே, பெருக்கல்! தந்தை பட்ட கடனுக்கு மகன் அடிமையாவதும் விதி என்றே சொல்லப்பட்டது. 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. ஆண்டவன் வகுத்த விதியென்றால், மனிதன் இயற்றும் சட்டத்திற்கு அங்கே என்ன வேலை?

பிஞ்சு உள்ளத்திற்கு இத்தனை பாரமா என்று கேட்கின்றனர் சில பெரியவர்கள். பாரத்தை நாம் ஏற்றவில்லை. அது வீட்டிலேயே ஏற்றப்பட்டுவிட்டது. வாசலில் கடன்காரன் குரல் கேட்டதும் தாய் முகம் வாடுவதைக் காணாத ஏழைக் குழந்தை உண்டோ? வட்டி எவ்வளவு என்று மட்டும் கற்பித்து, யாருடைய வியர்வை அது என்பதை மறைப்பது பாதிப் பாடம். பாதிப் பாடம் முழுப் பொய்க்கு உடன்பிறப்பு.

மேலே கைகாட்டிய சிறுவனை நாம் கடியவில்லை. கேள்வி கேட்ட சிறுமியின் பக்கத்தில் அவனை உட்கார வைத்தோம். ஊரையும் அவ்வாறே உட்கார வைப்பது உங்கள் கடமை, இளைஞர்களே!