வீடு போயிடுச்சு

முட்டை வேக வைப்பதற்கு எனக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஊதுவத்தி. அது பாதி எரிந்த பிறகு ரைஸ் குக்கரில் தண்ணீர் ஊற்றி இரண்டு முட்டை. திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால் வாசனை மாடிப்படிக்குப் போகும், குக்கரில் மூடிக்குள் அடங்கும் என்பது என் கணக்கு. ஓட்டைச் செய்தித்தாளில் மடித்துக் கைப்பையில் வைத்து, மறுநாள் அலுவலகக் குப்பைக்கூடையில் போடுவேன். மூன்று வருடம் இப்படி. ஊரில் என் அம்மா வாசலில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசிக்கொண்டே மீன் ஆய்வாள். அவள் மகள் திருவல்லிக்கேணியில் முட்டை ஓடு கடத்திக்கொண்டிருந்தாள்.

நான் வீடு தேடியது 2019 ஜூன் மாதம். ஏரிகள் வற்றி, சென்னை முழுக்கக் குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்ற மாதம். அதுவரை பெண்கள் விடுதியில் இருந்தேன். இரவு ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டுவார்கள். எனக்கு 34 வயது. ஒன்பதரைக்குப் பிறகு எனக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் பூட்டுவது யார் என்பது வேறு கேள்வி.

திருவல்லிக்கேணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தத் தெருக்கள். பார்த்தசாரதி கோயிலிலிருந்து நடந்தால் சற்று நேரத்தில் 1795-இல் கட்டிய வாலாஜா மசூதி வந்துவிடும். நடுவே பழைய புத்தகக் கடை, பிரியாணி அண்டா, ஜாம்பஜார் காய்கறி, உருது பேசும் தையற்காரர், இந்தி பேசும் அடகுக்கடை. நடைபாதையில் எல்லாரும் எல்லாரையும் இடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். எல்லாரும் இருக்கிற இடத்தில் நானும் இருக்கலாம் என்று நினைத்தேன். வீடு பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெருவுக்கும் மாடிப்படிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. தெரு எல்லாருக்கும். மாடிப்படியில் ஏற வேண்டுமென்றால் நீங்கள் யார் என்று சொல்ல வேண்டும்.

பதினொரு வீடு பார்த்தேன். கல்யாணம் ஆகலையா, ஏன் ஆகலை, யாரெல்லாம் வந்துபோவாங்க, ராத்திரி ஷிப்டா. இதே தெருக்களில் தனி ஆண்களுக்கென்று மேன்ஷன்கள் இருக்கின்றன. ஊரை விட்டு வந்த எத்தனையோ தலைமுறை ஆண்கள் அங்கே ஒரு கட்டிலும் ஒரு கொடியும் வைத்துக்கொண்டு சினிமாவிலும் பத்திரிகையிலும் அரசு வேலையிலும் கால் ஊன்றினார்கள். அவர்களுக்கும் குடும்ப வீடுகள் கதவைச் சாத்தத்தான் செய்தன. ஆனால் அவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது, வாடகை கொடுத்தால் போதும். தனிப் பெண்ணுக்கு இருந்த இடம் பூட்டுப் போட்ட விடுதி.

பன்னிரண்டாவது வீட்டுக்கு அப்பாவை ஊரிலிருந்து வரவழைத்துக் கூட்டிப்போனேன். வாசலில் தொங்கிய அட்டையில் ‘டு-லெட், சைவம் மட்டும்’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நான் தனி ஆள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது எனக்கு ஆச்சரியம். காரணம் பிறகு புரிந்தது. தனி ஆளுக்குத் தண்ணீர் குறைவாகச் செலவாகும்.

“நீங்க சைவந்தானே?” என்றார்.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் “ஆமாம்மா” என்றேன்.

“பிள்ளைமாருங்களா?”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை, சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார், நானும் எடுத்துக்கொள்ள விட்டேன். வாடகை 11,000. அட்வான்ஸ் பத்து மாதம். அந்த வருடம் பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருந்த புதிய வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நான் அதைப் பேசவில்லை. படி இறங்கும்போது அப்பா, “எதுக்கும்மா பொய் சொன்ன?” என்றார். நாலு படி கழித்து, “சரி, வீடு நல்லாருக்கு. காத்து வருது” என்றார்.

அன்று இரவு அந்தப் பொய்யை நான் எனக்குள் நியாயப்படுத்திய விதம் நினைவிருக்கிறது. கேட்கக் கூடாத கேள்விக்கு உண்மையான பதிலைத் தர நான் கடமைப்பட்டவள் இல்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பது சாதியையும் மதத்தையும் சுற்றி வளைத்துக் கேட்பதுதான். நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று எண்ணிச் சொல்லி, அங்கெல்லாம் சாதி, மதம், பால் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. தீண்டாமையைக் காரணமாக வைத்துக் குடியிருப்பை மறுத்தால் தண்டிக்க 1955-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக்காரர் காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறார்? “வீடு போயிடுச்சு” என்பதில் எந்த நீதிமன்றம் எதைக் கண்டுபிடிக்கும்?

கல்லூரியில் தத்துவம் படித்தவர்களுக்குக் காண்ட் சொன்ன அந்த உதாரணம் ஞாபகம் இருக்கும். 1797-இல் எழுதிய கட்டுரை. கொலைகாரன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றார் காண்ட். படித்த காலத்தில் இந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வீடு தேடிய பிறகு வேறொன்று உறுத்தியது. அந்த உதாரணத்தில் பதில் சொல்கிறவர் வீட்டுக்குள் நிற்கிறார், அவருக்குக் கதவு இருக்கிறது. காண்டும் அறுபதை நெருங்கும் வரை வாடகை வீடுகளில் இருந்தவர்தான். பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது என்று ஒரு வீட்டைக் காலி செய்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பேராசிரியரான ஆணுக்கு அப்படிக் காலி செய்ய முடிந்திருக்கிறது. படிக்கு வெளியே பெட்டியோடு நிற்பவள் சொல்லும் பொய்யைப் பற்றி அவர் யோசிக்க நேரவில்லை. வள்ளுவர் என் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்பது அவர் கருத்து. எனக்கு நன்மை கிடைத்தது. அது குற்றமில்லாததா என்ற பாதியை நான் அப்போது வாசிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைக் கெட்டவராக எழுதினால் இந்தக் கட்டுரை எனக்குச் சுலபமாகிவிடும். கணவர் இருந்தவரை குடித்தனக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை, இந்த அம்மாவின் வேலை அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைப்பது. கணவர் இறந்த பிறகு அவர் தானாகத் தேர்ந்தெடுத்த முதல் ஆள் நான். வெளியூரில் இருக்கும் மகன் வாரம் ஒரு முறை கூப்பிட்டு வீட்டை விற்றுவிடலாம் என்பார். இரண்டு போர்ஷன் வாடகைதான் அவருக்கு மருந்தும் மளிகையும், மகனிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியமும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்தார். இரவு பதினோரு மணிக்கு நான் வந்தாலும் மாடி விளக்கைப் போட்டு வைப்பார், ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2020 மார்ச்சில் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி சொல்ல எல்லாரும் தட்டு தட்டிய அன்று, மொட்டை மாடியில் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக எங்கள் தெருவிலேயே அதிக நேரம் தட்டியவர் அவர்தான்.

2021 டிசம்பரில் கீழ்ப் போர்ஷன் காலியானது. கூப்பிடுகிறவர்களோடு பேசக் காது சரியாகக் கேட்பதில்லை என்று சொல்லி, அட்டையில் என் எண்ணை எழுதச் சொன்னார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. முதல் நாளே ஒரு பெண் கூப்பிட்டார். அரசு மருத்துவமனையில் நர்ஸ், அம்மாவும் தானும் மட்டும், வேலை நடந்துபோகும் தூரம், வாடகைக்கு மேல் தண்ணீருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. பெயர் சொன்னார். முஸ்லிம் பெயர். போனைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு மெதுவாக, “வீடு போயிடுச்சுன்னு சொல்லிடு கண்ணு” என்றார்.

“வீடு போயிடுச்சுங்க” என்றேன். “ஓ, சரிங்க” என்று அந்தப் பெண் வைத்துவிட்டார். பத்து வினாடிகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து என் இரண்டு பொய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது உள்ளே நுழையச் சொன்னது. இரண்டாவது இன்னொருத்தியை வெளியே நிறுத்தச் சொன்னது. ஒன்றை மன்னித்து ஒன்றைக் கண்டிப்பது சுலபம், நானும் சில வாரம் அப்படித்தான் செய்தேன். ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. அன்று நான் வீட்டுக்கார அம்மாவிடம் என்ன வாதாடியிருக்க முடியும்? அவங்க கறி சமைச்சா என்னம்மா என்றா? மூன்று வருடமாகச் சைவமாக இருந்தவள் கேட்கிற கேள்வியா அது? “நம்ம வீட்ல எல்லாரும் சைவம்” என்று அவர் மற்றவர்களிடம் சொன்னபோதெல்லாம் அந்த ‘எல்லாரும்’ என்பதில் நானும் ஒரு செங்கல். கதவு தப்பான கதவு என்று தெரிந்து, அதைத் திறக்கத் தெரிந்த சாவியை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தச் சாவிக்கு விலையாக வாயைக் கொடுத்திருக்கிறேன் என்பது அந்தத் தொலைபேசி வரும் வரை தெரியாது.

என் பொய் மலிவானது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் இடைநிலைச் சாதி. மாட்டிக்கொண்டால் அட்வான்ஸில் பெயின்ட் செலவு பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான். தலித் தோழி ஒருத்தி இதே நகரத்தில் இதே போல ஒரு சிரிப்பைச் சிரித்து வீடு வாங்கினாள். அவள் மறைக்க வேண்டியிருந்தது முட்டையை மட்டுமில்லை. ஊரிலிருந்து அம்மா வந்தால், அம்மா பேச்சுவாக்கில் தெருப் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அம்மாவை இரண்டு வருடம் வீட்டுக்கே கூப்பிடவில்லை. பூங்காவிலும் ஓட்டலிலும் பார்த்து, அன்று இரவே பஸ் ஏற்றி அனுப்பினாள். அவளிடம் போய் உண்மை பேசு என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. அந்த நர்ஸுக்கோ இந்தப் பொய்கூட இல்லை. பெயரைச் சொன்னதுமே கேள்வி முடிந்துவிட்டது.

இந்த வட்டாரத்தில் பெண்களுக்காக முன்பு திறந்த கதவுகளை நினைத்துக்கொள்கிறேன். சேப்பாக்கத்தில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பதை இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள். 1885-இல் அது தொடங்கியபோது அதன் ஆங்கிலப் பெயரிலேயே ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்’ என்று இருந்தது. கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்தார், பிராமண விதவைகளை. அவர் செய்ததைச் சிறியதாக்க எனக்கு மனமில்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் எத்தனை குடும்பங்கள் அந்தப் பெண்களை அனுப்பியிருக்கும்? ஆனால் சாதிவாரி விடுதிகளில் இடம் கிடைக்காமல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் கதவைத் தட்டியபோது, முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். ஔவை இல்லம் அங்கிருந்துதான் வளர்ந்தது. உள்ளே வந்த பெண்ணுக்கு அடுத்து வருகிறவளிடம் என்ன கடமை என்று நூறு வருடம் முன்பே இந்த ஊரில் பெண்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நான் புதிதாக எதுவும் கேட்டுவிடவில்லை.

2022-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி உலர்த்தும்போது, வீட்டுக்கார அம்மாவிடம் முட்டையைச் சொன்னேன்.

“தெரியுமே” என்றார். “ஊதுவத்தி வாசனை வந்தா, சரி, முட்டை வேகுதுன்னு நெனச்சுக்குவேன். நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?”

எனக்குக் காலுக்கடியில் எதுவோ நகர்ந்த மாதிரி இருந்தது. பொய் என்றால் ஒருவர் ஏமாற வேண்டும் என்றுதான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே யாரும் ஏமாறவில்லை. அவருக்கு நான் சைவமாக இருப்பது தேவைப்படவில்லை, சைவம் என்று சொல்வது தேவைப்பட்டது. நான் ஒளிந்துகொண்டிருந்ததாக நினைத்த மூன்று வருடமும் அவர் என்னை விட்டுக்கொடுத்து வைத்திருந்திருக்கிறார்.

“அப்போ அந்த நர்ஸ் பொண்ணுக்கு மட்டும் ஏம்மா இல்லைன்னீங்க?”

“அது வேற கண்ணு” என்றார். என்ன வேறு என்று கேட்டேன். தொட்டி நிரம்பி வழிவதாகச் சொல்லிக்கொண்டு மோட்டாரை நிறுத்தக் கீழே போனார். தொட்டி வழியவில்லை.

அந்த வாரம் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். யாரென்று புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வேறு பக்கம் வீடு கிடைத்துவிட்டதாம், இரண்டு பஸ் மாற வேண்டும். அன்றைக்கு வீடு போயிருக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன்.

“தெரியும்க்கா” என்றார். “போர்டு ஒரு மாசம் தொங்கிச்சே. நான் தெனம் அந்த வழியாத்தானே டியூட்டிக்கு வருவேன்.”