பசிக்கு ஒரு பரீட்சையா?

“குடித்து அழிப்பவனுக்கு அரசாங்கப் பணம் எதற்கு?” இக்கேள்வி வலப்பனையில் பேருந்துக்குக் காத்து நிற்பவரிடையிலும் எழுகிறது, பாடசாலையில் ஆசிரியர் கூடும் அறையிலும் எழுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் ஈரமற்றவர்கள் அல்லர். இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் சம்பள நாளிரவில் லயங்களில் எழும் அழுகுரலை அறிந்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆகவே இக்கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்க நாம் விரும்பவில்லை.

நிவாரணம் கேட்பவர் போதைப்பொருள் பாவிக்காதவர் என்று சோதனையால் நிரூபிக்கவேண்டும் என்னும் சட்டம் நமது நாட்டில் இல்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அது 2011 இல் சட்டமாகவே வந்தது. சோதனைச் செலவை விண்ணப்பதாரரே முதலில் கட்டவேண்டும்; தேறினால் திருப்பித் தரப்படும். சில மாதங்களிலேயே நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. அதற்குள் சோதிக்கப்பட்ட 4086 பேரில் தவறியவர்கள் 108 பேரே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. தேறியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகையோ, உதவியை மறுத்ததால் மிஞ்சிய தொகையிலும் அதிகமாயிற்று. உதவி கேட்கிறார் என்பது மட்டுமே ஒருவரைச் சந்தேகிக்கக் காரணமாகாது என்பதே 2014 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம்.

ஆயினும் நமது வாதம் இந்தக் கணக்கில் தங்கியிருக்கவில்லை. நூற்றுக்கு ஐம்பது பேர் தவறியிருந்தால் அச்சட்டம் நியாயமாகியிருக்குமா? ஆகியிராது என்பதே நமது கருத்து.

ஏனெனில் தண்டனை எவர் தலையில் விழுகிறது என்று பார்க்கவேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டம், தொடங்கியபோது மாதம் 2500 முதல் 15000 ரூபா வரை வழங்கியது. 22 குறிகாட்டிகளைக் கொண்டு அது அளப்பது ஒரு குடும்பத்தின் இல்லாமையை. தனிமனிதனின் ஒழுக்கத்தை அன்று. தகப்பன் குடிக்கிறான் என்று அக்கொடுப்பனவை நிறுத்தினால், அவனுக்குக் கசிப்பு கிடைக்காமல் போய்விடாது. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாயின் உலைதான் அணையும். காலை உணவின்றி நம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளையின் வயிறுதான் காயும். தகப்பனின் சிறுநீரில் கண்ட குற்றத்திற்கு மகளின் சோற்றில் தண்டனையா?

“உழைப்பவர் கட்டும் வரிப்பணம் அல்லவா?” என்பர் சிலர். உண்மைதான். ஆனால் ஆசிரியர்களாகிய நாமும் அதே திறைசேரியிலிருந்துதான் மாதந்தோறும் பணம் பெறுகிறோம். சம்பளம் பெறுமுன் நம்மை எவரும் சோதிப்பதில்லை. நாம் பெறுவது உழைப்பின் ஊதியம் என்றால், தலைமுறை தலைமுறையாகத் தேயிலையால் இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்கள் உழைக்கவில்லையா? உழைப்புக்கேற்ற கூலி கிடைத்திருந்தால் அவர்கள் நிவாரண வரிசையில் நின்றிருப்பார்களா?

மலையக மக்களுக்கு நிரூபிப்பது புதிதன்று. துரைமார் காலத்தில், கடன் தீர்ந்ததென்று காட்டும் ‘துண்டு’ இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாதிருந்தது. அம்முறை 1921 இல்தான் ஒழிந்தது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டது, இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். கடனில்லை என்று காட்டினார்கள். அந்நியரில்லை என்று காட்டினார்கள். இனி, சோறு பெறத் தாம் தூயவர் என்றும் காட்டவேண்டுமா?

இன்னொன்றையும் மறக்கலாகாது. மதுவரித் திணைக்களம் 2024 இல் ஈட்டிய வருமானம் 20000 கோடி ரூபாவுக்கு மேல். ஒரு கையால் சாராயத்திற்கு அனுமதிப்பத்திரம் வழங்கி வரி வாங்கும் அரசு, மறுகையால் குடித்தவனின் வீட்டு அரிசியைப் பறித்தால், அதனை ஒழுக்கம் என்று எப்பெயரிட்டு அழைப்பது?

அப்படியானால் குடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோமா? ஒருபோதும் இல்லை. குடி தொழிலாளியின் பகைவன். அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பகைவன். மனைவியின் கூலியையும் கணவனே வாங்கிக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆகவே கொடுப்பனவைப் பெண்ணின் வங்கிக் கணக்கில் இடுங்கள் என்கிறோம். குடிநோயாளிக்குத் தோட்டத்துக்கு அண்மையிலேயே மருத்துவம் வேண்டும் என்கிறோம். கசிப்புக்கு எதிராகக் குரலெழுப்பும் பெண்களுக்குத் தொழிற்சங்கங்கள் துணைநிற்க வேண்டும் என்கிறோம். இவை கடினமானவை, சோதனைக் குழாய் எளிது. எளிது என்பதாலேயே அதனை நாம் சந்தேகிக்கவேண்டும்.

பரீட்சை வைப்பது நமது தொழில். கற்றதைச் சோதிக்க அது உதவும். பசியைச் சோதிக்க அதற்கு உரிமை இல்லை. அடுத்த முறை அந்த அறையில் இக்கேள்வி எழும்போது, நாம் மௌனமாக இருந்துவிடலாகாது.