அறியாமை குற்றமாகுமா?

தெரியாமற் செய்த பிழையை உலகம் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. "பாவம், அவருக்குத் தெரியாது" என்ற சொல்லிலே எத்தனையோ தவறுகள் கரைந்துபோயிருக்கின்றன. ஆனால், தெரிந்துகொள்ள வழியிருந்தும் தெரிந்துகொள்ளாதிருப்பவனை என்ன செய்வது? உண்மை எங்கோ ஓரிடத்தில் கண்டறியப்பட்டுவிட்டது, அச்சேறியும் விட்டது, அதனை அறிந்திருக்க வேண்டியவன் அறியவில்லை, அதனால் இன்னொருவன் துன்புற்றான். இங்கே அறியாமை வெறும் குறைபாடா, குற்றமா?

இக்கேள்வியை எழுப்ப எனக்கு அருகதை குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் எழுதிய இலக்கிய வரலாற்றுக் குறிப்புகளைக் கொண்டே இன்றும் உயர்தர வகுப்பில் படிப்பிக்கிறேன். கொப்பியின் ஓரங்கள் பழுத்துவிட்டன. சங்ககாலம் பற்றி அதன் பின்னர் வெளிவந்த ஆய்வுகளுள் எத்தனையை வாசித்தேன் என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. மாணவர் சித்தியெய்துகின்றனர், அதிபரும் திருப்தியடைகிறார். என் பழைய கொப்பியால் எவரும் சாவதில்லை என்பதே எனக்குள்ள பாதுகாப்பு. வைத்தியருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவிலும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலும் நிற்பவருக்கு அறவே இல்லை. நாட்பட்ட நோயாயின் இன்றிரவு வாசித்துவிட்டு நாளை மருந்தை மாற்றலாம். மூச்சுத் திணறுகிறவன் முன்னாலோ, ஏற்கெனவே வாசித்தது மட்டுமே கைகொடுக்கும்.

ஒரு வேளாண்மை வெட்டுக் காலத்தில் எங்கள் தெருவிலுள்ள காக்கா ஒருவரை வட்டையிலே பாம்பு தீண்டியது. கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் அப்பால் விரிந்து கிடக்கும் வயல்வெளியில் குத்தகைக்குச் செய்பவர் அவர். நிலத்துக்குரிய போடியாரைப் பாம்பு கடித்ததாகக் கேள்விப்படுவது அபூர்வம். வர்க்க பேதம் பாம்புக்கும் தெரியும் போலும்! புடையன் என்று நம்மவர் சொல்லும் கண்ணாடி விரியன். வைத்தியசாலைக்கு நானும் உடன் சென்றேன். விஷமுறிவு மருந்தை ஏற்றுவதற்குச் சற்று முன்பாக, இளம் வைத்தியர் மிகச் சிறிதளவு அட்ரினலினைத் தோலின் கீழ் ஏற்றினார். பல்லாண்டு அனுபவமுள்ள தாதியோ ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியையும் ஆயத்தமாக வைத்திருந்தார்.

"அது வேணாம் மிஸ்."

"எப்பவும் குடுக்கிறதுதானே டொக்டர்?"

அவ்வளவுதான் உரையாடல். ஆயினும் 'எப்பவும்' என்ற அந்த ஒரு சொல் என்னை விட்டகலவில்லை.

விடயம் இதுதான். இங்கே பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலே குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. உயிர் காப்பதும் அதுவே. அந்நியப் பொருளென்று உடல் சீறியெழச் செய்வதும் அதுவே. தோல் தடித்து, மூச்சிறுகி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, பாம்பினின்று தப்பியவன் மருந்தினால் மடியவும் கூடும். அதனைத் தடுப்பதற்கென ஹைட்ரோகோர்ட்டிசோனையும் புரோமெதசினையும் முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியிருந்தது. களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசித்த டி சில்வாவும் சகாக்களும் இவ்வழக்கத்தைச் சோதனைக்குட்படுத்தினர். இலங்கை வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு உள்ளான 1007 பேருக்கு அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் ஆகியவற்றைத் தனித்தும் சேர்த்தும், சிலருக்கு மருந்தேயில்லாத ஊசியையும், குலுக்கல் முறையிற் பிரித்துக் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 2011 இல் வெளியாயிற்று. அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் நூற்றுக்கு 75 பேருக்கு விஷமுறிவு மருந்து ஒவ்வாமையை உண்டாக்கியிருந்தது. முன்கூட்டிக் கொடுத்த அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 வீதத்தால் குறைத்தது. மற்ற இரண்டும் பயன்தரவில்லை. அதுமட்டுமன்று, ஹைட்ரோகோர்ட்டிசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலின் தந்த நன்மையும் மறைந்துவிட்டது.

நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டு வந்த ஊசி அது. கொடுத்த கைகள் அன்புள்ள கைகளே. நோயாளியின் உடலோ எண்ணத்தைக் கேட்பதில்லை.

பழக்கத்தைச் சந்தேகிப்பது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமை என்று கருதுவோர் நம் ஊர்களில் உளர். 925 அளவில் மறைந்த ராஸி, மருத்துவ உலகம் தலைவணங்கி நின்ற கலெனின் நூல்களில் தாம் கொண்ட ஐயங்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார். மூளைக் காய்ச்சல் கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தத்தை வெளியேற்றியும் மறுசாராருக்கு அவ்வாறு செய்யாதும் ஒப்புநோக்கியதாகத் தம் குறிப்புகளில் பதிந்துமிருக்கிறார். அவர் பெயரைப் பெருமையோடு மேடைகளில் உச்சரிக்கும் நாம், அவருடைய ஐயத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை.

புதியதையெல்லாம் நம்புவதும் ஐயத்துக்கு எதிரானதே. 2020 இல் கொவிட் பெருந்தொற்றின்போது ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அரசுத் தலைவர்களின் வாயாலேயே புகழப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிரித்தானியாவின் 'ரிகவரி' பரிசோதனை, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோருக்கு அதனாற் பயனில்லை என்று காட்டிற்று. அதே பரிசோதனை, அதே மாதம், டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருப்போரின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கால் குறைப்பதையும் காட்டிற்று. ஆகவே, அறிவோடு கூட நடப்பதென்பது சந்தைக் கூச்சலின் பின்னால் ஓடுவதன்று. எது சோதிக்கப்பட்டது, எவ்வாறு, யாருடைய செலவில் என்று கேட்கும் வேலை அது.

அந்தச் செலவைப் பற்றித்தான் நான் அதிகம் சிந்திக்கிறேன். பணச் செலவைச் சொல்லவில்லை. விஷம் உடலில் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் 1007 பேர் தம் உடலைப் பொது அறிவுக்குக் கடனாகத் தந்தனர். அவர்களுட் சிலருக்கு வெற்று ஊசியே கிடைத்தது. தமக்குப் பின் கடிபடப்போகும் முகமறியா மனிதருக்காக அவர்கள் கொடுத்த கடன் அது. அதன் பயனை வாசிக்காது விடுகிறவர் நூலொன்றைத் தவறவிடுகிறவர் அல்லர், கடனைத் திருப்பாதவர். அவ்வறிவைக் காசுச் சுவருக்குப் பின்னே பூட்டிவைப்பவரோ அவரினும் பெரிய குற்றவாளி. இந்தக் கட்டுரை எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய சஞ்சிகையில் வந்தது நல்வாய்ப்பு. வேறு பல சஞ்சிகைகளில் ஒரேயொரு கட்டுரையைத் திறக்கப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். ஏழையின் உடலிற் பிறந்த அறிவு ஏழை நாட்டு வைத்தியருக்கு எட்டாமற்போகிறது. 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 464 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. இருந்தும் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017 இலேதான். கடிபடுபவன் யாரென்பதை நினைத்தால் தாமதத்தின் காரணம் விளங்கும்.

வைத்தியராயுள்ள நண்பரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் சிரித்தார். "மச்சான், ராவு முழுக்க நிண்டுட்டு வந்து புத்தகத்தைத் திறந்தா எழுத்தா தெரியும்? தலகணிதான் தெரியும்." 2022 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர், எஞ்சியோரின் இரவுகள் நீண்டன. புதிய மருந்தைப் பற்றி அவருக்கு நேரில் வந்து பாடஞ் சொல்பவர் பெரும்பாலும் அதனை விற்கும் கம்பனியின் பிரதிநிதியே. பழைய அட்ரினலினுக்காக எந்தக் கம்பனி விருந்து வைக்கும்?

நண்பரின் நியாயத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. அதே சம்பளத்தில் அதே இரவுகளில் நின்ற அந்த இளம் வைத்தியர் வாசித்திருந்தாரே. ஆனால் அவருடைய நற்பண்பை நம்பி வைத்தியசாலைகளை நடத்திவிட முடியுமென்று சொல்வதும் ஏமாற்று. தியாகிகளைக் கொண்டு கடமை அட்டவணை போட இயலாது. வாசிப்பு வேலை நேரத்துக்குள் வரவேண்டும். அதற்குச் சம்பளமும் வேண்டும். கற்றது வைத்தியரோடு நின்றுவிடாமல் தாதிக்கும் சிற்றூழியருக்கும் சென்று சேர வேண்டும். அன்றிரவு 'எப்பவும்' என்று சொன்ன அந்தத் தாதியிடம் எவரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. குற்றம் அவருடையதா?

மறுநாள் காக்காவைப் பார்க்கப் போனபோது, வைத்தியர் அக்கட்டுரையை அச்செடுத்துத் தாதியிடம் கொடுத்திருந்தார். ஆங்கிலம் அவருக்குச் சிரமமாயிருந்தது. நான் தமிழாசிரியன் என்றறிந்து, "சாராம்சத்த ஒரு பக்கத்தில எழுதித் தாங்க சேர்" என்றார். இரண்டு இரவுகள் பிடித்தன. பல்கலைக்கழகத்தை விட்ட பின்னர் ஒரு சொல்லுக்காக நான் அகராதி புரட்டியது அந்த இரவுகளில்தான்.

எழுதியதைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்களைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"தம்பி, அந்த ஆயிரம் பேரும் வயல் செய்யிற ஆக்கள்தானா?"

பெரும்பாலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். அடுத்த போகத்துக்கு அவர் வட்டைக்குப் போய்விட்டார், வெறுங்காலுடன்தான்.